மூன்றாம் சரணம்

ஸ்டாக்ஹோம், 4 மார்ச் 1973

எய்னார்,

உன் தந்தி வெள்ளிக்கிழமை வந்தது. "இசைத்தட்டை வெளியிடாதே." இரண்டே சொல். காரணமும் இல்லை, பெயரும் இல்லை. எனக்கு இப்படித் தந்தியடிக்கிற அண்ணன் வேறு யாராவது உண்டா என்று நினைத்து நீதான் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஜனவரியில் ஃபோன் செய்து கேட்டேன் இல்லையா? "உன் பாட்டை நான் பாடட்டுமா?" என்றேன். நீ மூச்சை உள்ளே இழுத்தாய். நம் ஊரில் ஆமாம் என்று வாயால் சொன்னவர் யார்? அப்பா தன் கல்யாணத்திலேயே மூச்சை இழுத்துத்தான் சம்மதம் சொன்னாராம். பாதிரியார் தெற்கத்திக்காரர், புரியாமல் மூன்று தரம் கேட்டாராம். நான் தெற்கத்திக்காரி இல்லை. இழுத்த மூச்சு எனக்குப் புரிந்தது. அன்றைக்கே சிக்வார்டிடம், அவன்தான் என் இசைத்தட்டுகளைத் தயாரிப்பவன், "அண்ணன் சரின்னுட்டான்" என்று சொல்லிவிட்டேன்.

நீயும் உன் குழுவும் பத்து வருஷம் முன்பு போட்ட தட்டைத்தான் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். முந்நூறு தட்டு அடித்து நடனக் கூடத்து வாசலில் விற்றீர்களே, அதில் ஒன்று. அவனுக்குக் கன்று என்றால் என்ன என்றே விளங்கவில்லை. "தோட்டமா?" என்றான். ஆறு உறைந்ததும் ஊசியிலைக் கன்றுகளை வெட்டி, பனிக்கட்டியில் துளையிட்டு, இரண்டு பக்கமும் வரிசையாக நட்டுப் பாதை போடுவோம், காரும் மரலாரியும் அதில் போகும், வசந்தத்தில் பனி மெலிந்தால் பிடுங்கிவிடுவோம், கன்று நின்றால் போகலாம், நிற்காவிட்டால் போகக் கூடாது என்று விளக்கினேன். "அட, டிராஃபிக் சிக்னல்" என்றான். பிறகு, "அழுதுவடியுது. இதுக்கு யாரு ஆடுவா? கொஞ்சம் ஓட விடு" என்றான்.

ஓட விட்டோம். உன் அக்கார்டியன் வருகிற இடத்தில் மின்சார ஆர்கன். பின்னால் மூன்று பெண்கள் "வா, வா" என்கிறார்கள். மொத்தம் இரண்டு நிமிடம் நாற்பத்தெட்டு நொடி. நீ முகம் சுளிப்பாய், தெரியும். ஆனால் சொல் ஒன்றையும் மாற்றவில்லை:

கன்றுகள் நிற்கின்றன இரு புறமும்,
வழி இருக்கிறது, வா.
இக்கரையில் விளக்கை
இன்னும் நான் அணைக்கவில்லை.

தட்டு அச்சாகிவிட்டது. இருபதாம் தேதி கடைக்கு வருகிறது. ஏன் கூடாது என்று எழுது. வேகம்தான் காரணமென்றால் மன்னித்துவிடு.

மாய்-பிரிட்


கிரான்நெஸ், 11 மார்ச் 1973

மாய்-பிரிட்,

இன்று காலை பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது. நடு ஆற்றில் பனிக்கட்டி எழுபத்திரண்டு சென்டிமீட்டர். மரலாரிகள் போய்க்கொண்டிருக்கின்றன.

நான் சம்மதம் சொல்லவில்லை. மூச்சு இழுத்தது உண்மைதான். நீ அந்தப் பாட்டின் பெயரைச் சொன்னதும் அப்படி வந்தது. அதை நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்பது ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு வாரம் ஓடிவிட்டது.

வேகம் காரணமில்லை. ஆர்கனும் காரணமில்லை. அந்தப் பாட்டு வானொலியில் வரக் கூடாது, அவ்வளவுதான். எங்கள் தட்டு இந்தப் பக்கத்து ஊர்களைத் தாண்டிப் போகவில்லை. ஹில்டுர் அத்தை வீட்டில் தட்டுப்பெட்டி கிடையாது. வானொலி உண்டு.

காரணம் கேட்கிறாய். எழுத உட்கார்ந்து மூன்று தாளை அடுப்பில் போட்டேன். இது நாலாவது.

ஹில்டுர் அத்தைக்கு முழங்கால் வலி அதிகமாகியிருக்கிறது. ஞாயிறு மதியம் எப்போதும்போல் அங்கேதான் சாப்பிட்டேன். மகன் டூரேயின் அறைக்குச் சுவர்க்காகிதம் மாற்றித் தரச் சொன்னார்கள். நீலக் கோடு போட்டது வாங்கியிருக்கிறேன்.

எய்னார்


ஸ்டாக்ஹோம், 2 ஏப்ரல் 1973

எய்னார்,

தட்டு வெளிவந்துவிட்டது. ஞாயிறு வானொலியின் பாட்டு வரிசையில் ஆறாம் இடம். இனி நிறுத்த என்னால் முடியாது, சிக்வார்டாலும் முடியாது.

அது டூரேயைப் பற்றிய பாட்டு என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? தெரிந்துதான் பாடினேன். நீ வாய் திறக்கமாட்டாய் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

ஏப்ரல் 22, சனிக்கிழமை. போஸ்ட் ஆபீசில் காலை வேலை. பதினொன்றே காலுக்கு அக்கரைக்கு ஃபோன் போட்டு டூரேயிடம், "கல்யாணம் வேண்டாம், நான் ஸ்டாக்ஹோம் போறேன்" என்றேன். மோதிரத்தைத் தபாலில் அனுப்பட்டுமா என்றுகூடக் கேட்டேன். எனக்குப் பத்தொன்பது வயது. "சரி, பாக்கலாம்" என்று வைத்துவிட்டான். அரைமணி கழித்து காரை ஆற்றில் இறக்கினான். கன்றுகளை நீ பிடுங்கியிருந்தாய், பலகை வைத்து அடைத்திருந்தாய், அதையெல்லாம் பார்த்தும் என்னைத் தடுத்து நிறுத்துவதற்காக வந்தான். தீவுக்கு அப்பால் பனி உடைந்தது.

ஜூனில் ஆறு அவனைத் திருப்பிக் கொடுத்ததும் அடக்கம். சபைக் கூடத்தில் அடக்கக் காபி. உனக்கு நினைவிருக்கிறதா? நான் கோப்பையை நீட்டினேன். ஹில்டுர் அத்தை அதன்மேல் கையை வைத்து மூடினார்கள். "இவளுக்கு இங்க காபி இல்ல." குரலை உயர்த்தக்கூட இல்லை. நீ கேக் தட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாய். மறுநாள் பேருந்தில் ஏறியவள்தான்.

இரண்டு பேர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டார்கள். இருவரும் நல்லவர்கள். இருவரிடமிருந்தும் தேதி குறித்த பிறகு ஓடினேன். எனக்காக ஒருவன் மெலிந்த பனியில் இறங்கியிருக்கிறான், இவன் இறங்குவானா என்று பார்க்கிற கெட்ட புத்தி. உன் பாட்டைப் பாடுகிற மூன்று நிமிடம் மட்டும் அவனைக் கூப்பிடுகிறேன். போகாதே, வா என்கிறேன். அதையும் வேண்டாம் என்கிறாய்.

மா.


கிரான்நெஸ், 23 ஏப்ரல் 1973

மாய்-பிரிட்,

பூஜ்யத்துக்கு மேலே நாலு பாகை. தண்ணீர் பனிக்கு மேல் நிற்கிறது. இந்த வருஷம் கன்றுகளை ஒன்பதாம் தேதியே பிடுங்கிவிட்டேன். "எய்னாரு, இன்னும் ரெண்டு வாரம் தாங்கும்யா. நீ என்ன, கிழவி மாதிரி பயப்படுற?" என்று லாரிக்காரர்கள் திட்டினார்கள். ஒவ்வொரு வருஷமும் திட்டுகிறார்கள்.

நேற்று ஈஸ்டர். தேதியும் அதே இருபத்திரண்டு. பாதை மூடியதால் பாலம் சுற்றி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டி ஹில்டுர் அத்தை வீட்டுக்குப் போனேன். முட்டை, மீன், காபியில் ஊறப்போட்ட சீஸ் துண்டு. வானொலி பாடிக்கொண்டிருந்தது. உன் பாட்டு வந்தது. நான் எழுந்து நிறுத்தப் போனேன். "விடு" என்று அவர்களே போய் ஒலியைக் கூட்டினார்கள்.

"யாரு பாடுறான்னு தெரியுதா?" என்றார்கள்.

"தெரியல" என்றேன்.

"நம்ம போஸ்ட் ஆபீஸ்காரி. பேர மாத்தி வெச்சுக்கிட்டா குரல் மாறிடுமா?" பிறகு முட்டையை உரித்துக்கொண்டே, "நல்லாத்தான் பாடுறா" என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டு எழுதிய பழைய நோட்டை எடுத்தேன்.

பாட்டுக்கு மூன்று சரணம். எங்கள் தட்டில் இரண்டுதான் பாடினேன். மூன்றாவதை எழுதிய நாளிலிருந்து யாருக்கும் காட்டியதில்லை. கீழே இருக்கிறது.

பிடுங்க வேண்டிய கை
பெட்டியைத் தூக்கிப் போனது.
கன்றுகள் நின்றன, அவன் நம்பினான்,
நான் ஊரில் இல்லை.

எய்னார்


ஸ்டாக்ஹோம், 29 ஏப்ரல் 1973

எய்னார்,

யாருடைய கை? எந்தப் பெட்டி? கன்றுகள் நின்றன என்றால் என்ன அர்த்தம்?

பாட்டாக எழுதாதே. பனிக்கட்டியின் கனத்தை எழுதுகிற மாதிரி எழுது.

மா.


கிரான்நெஸ், 6 மே 1973

மாய்-பிரிட்,

நீ கேட்டபடி எழுதுகிறேன்.

22 ஏப்ரல் 1961. காலை ஏழு மணிக்கு மூன்று இடத்தில் துளையிட்டு அளந்தேன். கரையில் நாற்பது. தீவுக்கு அப்பால் இருபத்தாறு, அதுவும் மேல்பாதி சோறுபோல் உதிர்ந்தது. பாதையை மூட வேண்டும் என்று முடிவு செய்தேன். நண்பகலில் மூடுவதாக இருந்தேன். அன்று மாலை எங்கள் குழுவுக்கு பூடனில் நடன வாசிப்பு. வண்டி ஒரு மணிக்கு வர வேண்டியது, பதினொன்றுக்கே வந்து வாசலில் ஹாரன் அடித்தது. "வர்றியா, இல்ல உன்ன விட்டுட்டுப் போகவா?" என்றார்கள். அக்கார்டியன் பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினேன். இரவு உறைந்தால் தாங்கும், காலையில் வந்து பிடுங்கலாம் என்று நினைத்தேன். எழுபத்தெட்டுக் கன்று. ஒன்றையும் பிடுங்கவில்லை. பலகையும் வைக்கவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திரும்பினேன். இக்கரையிலிருந்து பிடுங்க ஆரம்பித்தேன். தீவைத் தாண்டியதும் ஓட்டை தெரிந்தது. கார் அளவு. விளிம்பில் மெல்லிய புதுப் பனி. யாருடைய கார் என்று தெரியாது. யாரோ போயிருக்கிறார்கள் என்று தெரிந்தது. நான் ஓடி ஆளைக் கூப்பிடவில்லை. ஓட்டையைச் சுற்றி நடந்து மறுகரை வரை மீதிக் கன்றுகளைப் பிடுங்கினேன். இரண்டு கரையிலும் பலகை வைத்தேன். வீட்டுக்கு வந்து காபி போட்டுக் குடித்தேன். எட்டு மணிக்கு ஹில்டுர் அத்தை ஃபோன் செய்து டூரே அங்கே தங்கினானா என்று கேட்டார்கள்.

போலீஸ்காரர் வந்தபோது பாதை மூடியிருந்தது. எப்போது மூடினாய் என்று கேட்டார். நேற்றுக் காலையே என்றேன். அப்புறம்தான் நீ ஃபோன் செய்ததை நீயே எல்லோரிடமும் சொன்னாய். மூடிய பாதையில் ஒருவன் ஏன் போனான் என்ற கேள்விக்கு ஊருக்குப் பதில் கிடைத்தது. நான் அதை மறுக்கவில்லை. அடக்கக் காபியன்றும் மறுக்கவில்லை.

நீ போன பிறகு ஹில்டுர் அத்தைக்கு விறகு பிளக்க ஆள் இல்லை. நான் போனேன். டூரேயின் படகை எனக்குக் கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டேன்.

எய்னார்


யெவ்லே, 20 மே 1973

எய்னார்,

கடிதத்தைப் பத்து நாள் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். கோடைக்கால நடனப் பூங்காக்களின் சீசன் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு மாலையும் உன் பாட்டைத்தான் கேட்கிறார்கள்.

நான் ஃபோன் செய்ததை ஊரில் சொன்னது ஏன் தெரியுமா? பத்தொன்பது வயதில் எனக்கு உண்மை சொல்லத் தெரிந்திருந்தது. இருபத்தாறு வயதான உனக்குத் தெரியவில்லை. எனக்குக் கிடைத்தது அந்த மூடிய கோப்பை. உனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் படகும். சுவர்க்காகிதம் ஒட்டுகிறாய். நீலக் கோடு.

ஜூலை 7 அன்று உங்கள் பக்கத்து மக்கள் பூங்காவில் பாடுகிறேன். அதற்குள் நீ ஹில்டுர் அத்தையிடம் போய் எனக்கு எழுதியதை அப்படியே சொல்ல வேண்டும். நான் அவர்களிடம் வேறொன்றும் கேட்கவில்லை. என்னால் அவன் சாகவில்லை என்று அவர்கள் வாயால் கேட்க வேண்டும். ஒரு வாய்க் காபியோடு கேட்டால் இன்னும் நல்லது.

சொல்லாவிட்டால் மூன்றாம் சரணத்தை நானே பாடுவேன். யாருடைய கை என்று மேடையில் பெயர் சொல்லிப் பாடுவேன்.

மா.


கிரான்நெஸ், 10 ஜூன் 1973

மாய்-பிரிட்,

மூன்று ஞாயிறு போனேன். முதல் ஞாயிறு விருந்தாளி இருந்தார்கள். இரண்டாம் ஞாயிறு பம்பு பழுது. மூன்றாம் ஞாயிறு ஒன்றும் இல்லை. நாங்கள் இருவர்தான். சாப்பிட்டு, பாத்திரம் துடைத்து வைத்துவிட்டு வந்தேன்.

நீயே பாடிவிடு. எனக்கு அது எளிது.

எய்னார்


ஷெலெஃப்டியோ, 17 ஜூன் 1973

எய்னார்,

உனக்கு எளிதாக இருப்பதைத்தான் நான் செய்ய வேண்டுமாக்கும்.

நேற்று இங்கே பாடிப் பார்த்தேன். உன் பெயர் இல்லாமல். வாத்தியக்காரர்களிடம் "இன்னொரு சுற்று வாசிங்க, ஒரு சரணம் கூடுதல்" என்று மட்டும் சொன்னேன். பிடுங்க வேண்டிய கை என்று ஆரம்பித்தேன். தளத்தில் ஒரு நானூறு பேர் இருப்பார்கள். ஆடிக்கொண்டிருந்தார்கள், ஆடிக்கொண்டேயிருந்தார்கள். அவன் நம்பினான் என்ற இடத்தில் ஒருத்தன் தன் ஜோடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தான். கீழே இறங்கியதும் சிக்வார்ட், "புது சரணம் நல்லாருக்கே, ஆனா நீளம் கூடுது" என்றான்.

மேடையில் சொல்லி ஒரு பயனும் இல்லை. நீதான் போக வேண்டும், சமையலறையில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஜூலை ஏழு.

இதை அதட்டலாக எழுதவில்லை. கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள். எனக்கு முப்பத்தொரு வயது. இன்னமும் காபி ஊற்றும் இடத்தில் கோப்பையை நீட்டப் பயப்படுகிறேன்.

மாய்-பிரிட்


கிரான்நெஸ், 2 ஜூலை 1973

மாய்-பிரிட்,

நேற்றுச் சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சில இடங்களில் எழுதாமல் விடலாம் என்று தோன்றியது. விடவில்லை.

மதியம் ஒரு மணி. சாப்பாட்டுக்கு முன்பே சொன்னேன், இல்லாவிட்டால் தட்டு கழுவப் போய்விடுவேன் என்று. அளந்தது, வண்டி வந்தது, ஞாயிறு காலை பிடுங்கியது எல்லாம். அவர்கள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். கத்தியை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்கள்.

நான் எழுந்துவிட்டேன். "என்ன தெரியும்?" என்றேன்.

"இந்த சன்னல்ல இருந்து ஆறு தெரியாதா? அவன் வண்டி எறக்கறப்ப கன்னு எல்லாம் நின்னுச்சு. அவன் கரையத் தாண்டற வரைக்கும் நான்தான் பாத்துக்கிட்டிருந்தேனே, அப்பறம்தான் அடுப்புக்குத் திரும்பினேன். உக்காரு, ஏன் நிக்கற?"

"அப்பறம் ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லி? உன்ன ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் யார வெச்சு இந்த வீட்ல குளிர்காலம் ஓட்டறது? அவ எப்படியும் போறவதான். போறவ தலையில போட்டா போறவ கொண்டு போயிடுவா."

அவளிடம் நீங்கள் சொல்ல வேண்டும், அவளால் அவன் சாகவில்லை என்று, என்றேன். ஹில்டுர் அத்தை அப்போதுதான் கத்தியை வைத்தார்கள்.

"அவளாலயா? அவன் எங்க அவளப் பாக்கப் போனான்? மெஷின் ரம்பத்துக்குச் சங்கிலி வாங்கப் போனான். சனிக்கிழமை கடை ஒரு மணிக்கு மூடிடும்னு அவசரம். ஃபோன்ல யாருன்னு கேட்டேன். 'மாய்-பிரிட்தாம்மா, ஏதோ கோவத்துல இருக்கா, நாளைக்குச் சரியாயிடும்'னான். உக்காந்து மூணு பான்கேக் தின்னுட்டுத்தான் கெளம்பினான்."

நீ நம்பமாட்டாய் என்பதால் இதையும் எழுதுகிறேன். ஜூனில் காரை மேலே இழுத்தவர்களில் நானும் ஒருவன். முன் இருக்கைக்குக் கீழே பழைய ரம்பச் சங்கிலி இருந்தது, செய்தித்தாளில் சுற்றி. அளவு காட்டி வாங்க எடுத்துப் போயிருக்கிறான். நான் அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். கடைக்குப் போகிறவன் மூடிய பாதையில் போகமாட்டான் என்று யாராவது யோசித்துவிடுவார்களே என்றுதான்.

ஏழாம் தேதி நீ வந்தால் காபி தருவார்களா என்று கேட்டேன். "வரட்டும். ஆனா பாட்டப் பத்தி எங்கிட்ட பேச வேணாம்" என்றார்கள். அப்புறம் சாப்பிட்டோம்.

பூங்காவிலிருந்து உன்னை அழைத்துப் போக எத்தனை மணிக்கு வரட்டும்?

எய்னார்


உமியோ, 9 ஜூலை 1973

எய்னார்,

ஏழாம் தேதி பாடினேன். நீ பின்வரிசையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். வாத்தியக்காரர்களோடு பின்வாசல் வழியாகப் போய் வண்டியில் ஏறிவிட்டேன். நீ எவ்வளவு நேரம் நின்றாய் என்று எனக்கு எழுத வேண்டாம்.

அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்க நினைத்துப் பார்த்தேன். அப்படி நினைத்தால் எனக்கு நல்லது. ஆனால் நீ சங்கிலியைப் பற்றி எழுதிவிட்டாய். "நாளைக்குச் சரியாயிடும்." அவன் குரலிலேயே கேட்கிறது. அப்படித்தான் பேசுவான். நான் எதைச் சொன்னாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான். அதனால்தானே கல்யாணம் வேண்டாம் என்றேன். அதுகூட எனக்கு மறந்துபோயிருந்தது.

உண்மை வெளியே வந்தால் சுமை இறங்கும் என்று நினைத்தேன். இறங்கிவிட்டது. அதோடு அவனும் போய்விட்டான். எனக்காகப் பனியில் இறங்கின ஒருவன் பன்னிரண்டு வருஷம் என்னோடு இருந்தான். வாடகை அறைகளில், பேருந்துகளில், மேடையில். அவனோடு ஒப்பிட்டு இரண்டு பேரை அனுப்பினேன். அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்று ஜூலை இரண்டாம் தேதிக் கடிதத்தில் எழுதியிருக்கிறாய், நல்ல கையெழுத்தில், ஒன்றையும் விடாமல்.

உன் மேல் கோபப்பட வேண்டும். ஹில்டுர் அத்தை மேலும். முயன்று பார்த்தேன், வரவில்லை. நீ ஞாயிறுதோறும் போ, விறகு பிள. உங்கள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியும். எனக்கு இனி எழுதாதே. ஒப்பந்தப்படி ஆகஸ்டு முடிய முப்பத்தொரு பூங்கா பாக்கி. பாடுவேன். இரண்டு சரணம் மட்டும்.

நேற்று இங்கே நிகழ்ச்சி முடிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பதினேழு, பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி தட்டை நீட்டினாள். "ஒண்ணு கேக்கலாமா? பாட்டுல கூப்பிடறீங்களே, அந்த ஆளு கடைசில அவகிட்ட வந்து சேர்ந்தானா?" என்றாள்.

"அவன் அவகிட்ட வரல. கடைக்குப் போயிட்டிருந்தான்" என்றேன்.

அவள் சிரித்தாள். தோழியிடம் திரும்பி அதைச் சொன்னாள், அவளும் சிரித்தாள். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மாய்-பிரிட்